தங்கம் விளைந்த மாலியில் சந்தைப் பணம் எது?

என்னிடம் வந்த கேள்வி இது: "மாலிப் பேரரசு தங்கத்தில் புரண்டது, மன்சா மூசாதான் உலகத்திலேயே பெரிய பணக்காரர் என்றெல்லாம் படிக்கிறோம். ஆனால் அந்த மன்னர்கள் பெயர் பொறித்த ஒரு பொற்காசைக்கூடப் பார்த்ததில்லை. அப்படியென்றால் அங்கே சந்தையில் மக்கள் எதைக் கொடுத்துச் சாமான் வாங்கினார்கள்? வெறும் பண்டமாற்றுதானா?"

பண்டமாற்று இல்லை. பணம் இருந்தது, அதுவும் ஒன்றுக்கு நாலாக இருந்தது: உப்புக்கட்டி, செம்புக்கம்பி, சோழி, பொடித்தங்கம். எந்த ஊரில் எது செல்லும், எந்தச் சாமானுக்கு எதைக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் சந்தைக்கு வருகிற எல்லோருக்கும் அத்துப்படி.

பொற்காசு அடிக்காததற்குத் தொழில் தெரியாதது காரணம் என்று நினைக்க வேண்டாம். மாலி தலையெடுப்பதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் முன்னாலேயே, சஹாராவின் தென்விளிம்பில் தத்மெக்கா என்ற வணிக ஊர் இருந்தது. அங்கே புழங்கிய தினார்களுக்கு 'மொட்டை' என்று பெயர் என்று எழுதிவைத்திருக்கிறார் அல்-பக்ரி என்ற அரபுப் புவியியலாளர். முத்திரை எதுவும் குத்தாத சுத்தத் தங்க வில்லைகள் என்பதால் அந்தப் பெயர். அந்த ஊர் இருந்த இடம் இன்றைய மாலியின் எசூக். அங்கே அகழ்ந்தபோது வில்லை வார்த்த மண் அச்சுகளே கிடைத்தன, ஓரத்தில் தங்கத் துணுக்கு ஒட்டியபடி. ஆக, வார்க்கத் தெரியும். வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

ஏன் வேண்டியிருக்கவில்லை என்பதுதான் விஷயம். தங்கம் விளைகிற ஊரில் தங்கம் சரக்கு. கொடிக்கால் வைத்திருப்பவன் வெற்றிலையைச் சந்தைக்கு அனுப்புவான், அதையே சில்லறையாக மடியில் கட்டிக்கொண்டு அலைய மாட்டான். மாலியில் பணமாகப் புழங்கிய மற்ற மூன்றையும் பாருங்கள். உப்பு பாலைவனத்தின் நட்ட நடு. செம்பு கிழக்கே தூரத்துச் சுரங்கம். சோழி இந்தியப் பெருங்கடல். மூன்றுமே பேரரசின் நடுப்பகுதியில் விளையாதவை. யாரும் தன் கொல்லையில் தோண்டியோ ஆற்றில் அரித்தோ எடுத்துவிட முடியாத பொருள்தான் அங்கே பணமாக நின்றது.

தங்கத்திலிருந்தே தொடங்குகிறேன். விளைந்த இடங்கள் முக்கியமாக இரண்டு. செனகல் ஆற்றுக்கும் ஃபலேமே ஆற்றுக்கும் இடைப்பட்ட பம்புக், நைஜர் ஆற்றின் மேல்போக்கில் உள்ள பூரே. பிற்பாடு தெற்கே, இன்றைய கானா நாட்டுப் பக்கத்து அக்கான் காடுகளிலிருந்தும் வந்தது. விவசாயிகள் வெயில் காலத்தில் வயல் வேலை ஓய்ந்த பிறகு குழி தோண்டி, மண்ணை அரித்து எடுக்கிற தங்கம் அது. இந்த மக்களை மன்னர் நேரடியாக ஆண்டதாகச் சொல்ல முடியாது. 1324-இல் ஹஜ் பயணத்தின் வழியில் கெய்ரோவில் தங்கியிருந்த மன்சா மூசா, அங்கே கேட்டவர்களிடம் இதை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்: தங்கம் விளைகிற ஊர் எதையாவது பிடித்து, அங்கே இஸ்லாம் பரவி, பாங்கு சத்தம் கேட்கத் தொடங்கினால் போதும், அந்த ஊரில் தங்கம் குறைந்துபோகும், பக்கத்து ஊரில் கூடும். அதனால் அவர்களை அவர்கள் போக்கிலேயே விட்டுவிட்டு, கப்பம் மட்டும் வாங்கிக்கொள்கிறோம். இதைத் தெய்வக் குற்றம் மாதிரி சொன்னார்களோ என்னவோ, எனக்கு இது வேலைநிறுத்தம் மாதிரிதான் படுகிறது. கெடுபிடி செய்தால் தோண்டுகிறவன் தோண்ட மாட்டான், அல்லது இருட்டோடு இருட்டாகப் பக்கத்து ஊருக்குப் போய்விடுவான்.

விலை சரியாமல் பார்த்துக்கொள்ளும் சாமர்த்தியமும் பழசுதான். மாலிக்கு முன்னால் அந்தப் பகுதியை ஆண்டது கானாப் பேரரசு (இன்றைய கானா நாடு வேறு, அந்தப் பேரரசு இருந்தது இன்றைய மவுரித்தானியா, மாலி எல்லையில்). அதைப் பற்றி 1068-இல் எழுதிய அல்-பக்ரி ஒரு விதியைக் குறிக்கிறார்: கட்டித்தங்கம் எங்கே கிடைத்தாலும் மன்னருக்கு, பொடித்தங்கம் மக்களுக்கு. இப்படி ஒரு விதி இல்லாவிட்டால் தங்கம் பெருத்துப்போய் மதிப்பே இல்லாமல் ஆகிவிடும் என்று அவரே காரணமும் சொல்கிறார். மத்திய வங்கி என்ற பேச்சே உலகில் எழாத காலம் அது.

அதே கானாவில் உப்புக்குச் சுங்கம் உண்டு. உள்ளே வரும் ஒவ்வொரு கழுதைச் சுமைக்கும் ஒரு தினார். வெளியே போகும்போது இரண்டு தினார். வரவைவிடப் போக்குக்கு ஏன் இரட்டிப்பு என்று முதல் தடவை படித்தபோது எனக்கும் பிடிபடவில்லை. நிலப்படத்தை வைத்துக்கொண்டு பார்த்தால் சுலபம். வெளியே போகிற உப்பு தெற்கே தங்கக் காட்டுக்குப் போகிறது. அங்கேதான் அதற்கு உச்ச விலை. லாபம் எங்கே காத்திருக்கிறதோ அந்த வாசலில்தான் தட்டு பெரிதாக நீட்டப்பட்டது.

இனி உப்பு. 1352 பிப்ரவரியில் மொராக்கோவின் சிஜில்மாசாவிலிருந்து ஒட்டகக் கூட்டத்தோடு கிளம்பிய இப்னு பதூதா என்ற பயணி, 25 நாள் நடந்து தகாசா என்ற ஊருக்கு வருகிறார். சஹாராவின் நட்ட நடு. மரம் கிடையாது, மணல்தான். வீடும் பள்ளிவாசலும் உப்புப் பாளத்தால் கட்டியவை, கூரைக்கு ஒட்டகத் தோல். மழை பெய்யாத ஊர் என்பதால் சுவர் கரையாமல் நிற்கிறது. தரையைத் தோண்டினால் செதுக்கி அடுக்கியது போலப் பாளம் பாளமாக உப்பு. ஓர் ஒட்டகத்துக்கு இரண்டு பாளம். தோண்டுகிறவர்கள் மசூஃபா என்ற பெர்பர் இனத்தாரின் அடிமைகள். அவர்கள் சாப்பிடும் பேரீச்சை வடக்கேயிருந்தும், தானியம் தெற்கேயிருந்தும் வர வேண்டும், ஊரில் ஒரு புல் முளைக்காது. குடிக்கிற தண்ணீரும் உப்பு. ஈக்கள் மொய்க்கும். பத்து நாள் அங்கே தங்க நேர்ந்ததைப் பற்றி அவர் எழுதியிருப்பதில் அலுப்பு அப்படியே தெரியும். ஆனால் அதே மூச்சில், இந்தக் கேடுகெட்ட ஊரில்தான் பொடித்தங்கம் குவிண்டால் குவிண்டாலாகக் கைமாறுகிறது என்றும் எழுதிவைக்கிறார்.

விலையைப் பாருங்கள். பாலைவனத்தின் தென்கரையில் இருந்த வலாத்தாவில் ஓர் ஒட்டகச் சுமை உப்பு 8 முதல் 10 மித்கால் தங்கம். (மித்கால் என்பது ஏறத்தாழ நாலேகால் கிராம். அரைப் பவுனுக்குச் சற்றே கூடுதல்.) அதே சுமை மாலியின் தலைநகரம் போய்ச் சேரும்போது 20, 30, சமயத்தில் 40 மித்கால். தங்கம், வெள்ளியைப் போல உப்பையே வைத்து வாங்கி விற்கிறார்கள், துண்டு துண்டாக நறுக்கிக் கொடுக்கிறார்கள் என்று அவர் நேரில் பார்த்ததை எழுதுகிறார்.

உப்புக்குப் பணமாக ஒரு விசித்திரக் குணம் உண்டு. அது தெற்கே நகர நகர மதிப்பு ஏறும், கடைசியில் யாராவது சாப்பிட்டுவிடுவார்கள். ரூபாய் நோட்டு கும்பகோணத்தில் நூறாகவும் நாகர்கோவிலில் முந்நூறாகவும் இருந்து, பிறகு சாம்பாரில் கரைந்துபோனால் எப்படி இருக்கும்! கரைந்துபோவதால்தான் அது பெருகி மதிப்பிழக்கவில்லை. வருஷா வருஷம் புதிதாக வந்தே ஆக வேண்டும். ஆனால் மழைக்காட்டுப் பகுதியில் சேமித்து வைக்க அது உதவாது, ஈரம் குடித்துவிடும். நாலு தலைமுறைக்குப் புதைத்துவைக்க வேறு ஏதாவது வேண்டும்.

செம்பு அந்த வேலையைச் செய்தது. இன்றைய நைஜர் நாட்டில் இருக்கிற தகெத்தா பகுதியின் சுரங்கச் செம்பை உருக்கி, சுமார் ஒன்றரைச் சாண் நீளத்துக்குக் கம்பி அடிப்பார்கள். மெல்லிசு ஒரு வகை, தடிமன் ஒரு வகை. தடிமன் கம்பி 400-க்கு ஒரு மித்கால் தங்கம், மெல்லிசு 600 அல்லது 700-க்கு ஒரு மித்கால். மெல்லிய கம்பியைக் கொடுத்து இறைச்சியும் விறகும் வாங்குவார்கள். தடித்த கம்பியைக் கொடுத்து தானியம், நெய், கோதுமை, அடிமைகள். இதைச் சொல்வதும் இப்னு பதூதாதான். விறகுக்கு ஒரு காசு, மனிதனுக்கு ஒரு காசு என்று பிரித்து வைத்திருந்தார்கள் என்பதைப் படித்ததும் தாண்டிப் போய்விட என்னால் முடிவதில்லை.

செம்பின் உண்மையான மவுசு தெற்கே. மன்சா மூசா கெய்ரோவில் சொன்ன இன்னொரு கணக்கை அல்-உமரி என்ற அரபு எழுத்தாளர் பதிந்திருக்கிறார்: எங்கள் சுரங்கத்துச் செம்பைத் தங்கம் விளைகிற தெற்கத்திக்காரர்களுக்கு விற்கிறோம், 100 எடை செம்புக்கு 66⅔ எடை தங்கம் தருகிறார்கள். எடைக்கு மூன்றில் இரண்டு பங்கு தங்கம்! கெய்ரோ வியாபாரிகள் இதைக் கேட்டு மயங்கியிருப்பார்கள், ஏமாளிகள் என்று சிரித்திருப்பார்கள். தங்கத்தை வைத்துக்கொண்டு அந்த விவசாயி என்ன செய்வான்? செம்பில் நகை, சடங்குச் சாமான், அந்தஸ்து எல்லாம் இருந்தது. தங்கம் மண்ணில் கிடந்தது. ஏமாந்தது யார் என்பது எங்கே நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது.

இனி சோழிக்கு வருகிறேன். எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் இதுதான். பலகறை, கவடி என்றும் நம்மிடம் பெயருண்டு. பல்லாங்குழி ஆடவும் தாயம் உருட்டவும் நம் வீடுகளில் கிடந்த அதே சின்ன வெள்ளைச் சோழி. மாலியில் பணமாகப் புழங்கியதும் இதே இனம்தான், வந்ததும் நமக்குப் பக்கத்து மாலத்தீவிலிருந்துதான். ராஜராஜ சோழன் தன் மெய்க்கீர்த்தியில் வென்றதாகச் சொல்லிக்கொள்ளும் 'முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்' என்பது இந்தத் தீவுக்கூட்டம்தான்.

தற்செயலாக, சோழி கிளம்புகிற முனையையும் அது போய்ச் சேருகிற முனையையும் ஒரே ஆள் பார்த்து எழுதியிருக்கிறார். அவரும் இப்னு பதூதாதான். 1343-44-இல் மாலத்தீவில் காஜியாக இருந்தார். அங்கே பெண்கள் எடுத்தார், அரசியலில் மூக்கை நுழைத்தார், சண்டை போட்டுக்கொண்டு கிளம்பினார், இலங்கை வழியாக மதுரைப் பக்கம் வந்தார். அப்போது மதுரையை ஆண்ட சுல்தான் கியாசுத்தீன் இவருக்குச் சகலை முறை. அது தனிக்கதை. மாலத்தீவில் அவர் கண்டது: கடலிலிருந்து சோழியை அள்ளிக் கரையில் குழி வெட்டிப் போடுவார்கள். உள்ளே இருக்கும் சதை அழுகிப்போய் வெள்ளை ஓடு மட்டும் மிஞ்சும். வங்காளத்துக்காரர்களுக்குக் கொடுத்து அரிசி வாங்குவார்கள், ஏனென்றால் வங்காளத்திலும் அதுதான் காசு. ஏமன் நாட்டுக்காரர்கள் கப்பலில் பாரத்துக்கு மணலுக்குப் பதிலாக இதை ஏற்றிப்போவார்கள். அங்கே விலை என்ன? ஒரு பொன் தினாருக்கு 4 லட்சம் சோழி. மலிந்த சமயத்தில் 12 லட்சம்.

எட்டு, ஒன்பது வருஷம் கழித்து அதே மனிதர் சஹாராவைத் தாண்டி மாலிக்கும், நைஜர் ஆற்றங்கரையிலுள்ள காவ் நகருக்கும் போகிறார். சந்தையில் அதே சோழி. விலை? ஒரு பொன் தினாருக்கு 1,150.

நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்தச் சின்னச் சோழி ஒன்று சராசரியாக ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். ஓர் ஒட்டகம் 150 கிலோ சுமந்தால் ஏறத்தாழ 1.3 லட்சம் சோழி. மாலத்தீவில் அதன் விலை மூன்றில் ஒரு பங்கு தினார். மாலியில் 113 தினார். உப்புச் சுமைக்கு அதே ஊரில் கிடைத்தது 20 முதல் 40 மித்கால் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் கடல் கூலி, ஏடன் சுங்கம், எகிப்து, பிறகு வட ஆப்பிரிக்கா, பிறகு பாலைவனம், வழிநெடுகத் தரகர்கள் என்று எல்லோரும் கை நனைத்திருப்பார்கள். அப்படியும் மிச்சம் இருந்திருக்கிறது. மாலியில் சோழிதான் செலாவணி, அதை இறக்குமதி செய்கிறவர்களுக்குக் கொள்ளை லாபம் என்று அல்-உமரியும் எழுதுகிறார். இன்றைய கண்ணால் பார்த்தால் இது ஒரு வேடிக்கையான ஏற்பாடு. ஒரு நாட்டின் சில்லறைக் காசை வெளிநாட்டு வியாபாரிகள் இறக்குமதி செய்து லாபம் பார்க்கிறார்கள், அந்த நாட்டு மன்னரிடம் நாணயச்சாலையே இல்லை.

வழியில் தவறிய சுமை ஒன்று நமக்குச் சாட்சியாகக் கிடக்கிறது. மவுரித்தானியாவின் ஆள் நடமாட்டமில்லாத மணல்வெளியில், மாதென் இஜாஃபன் என்ற இடத்தில், 1964-இல் தியோதோர் மோனோ என்ற பிரெஞ்சு ஆய்வாளர் ஒரு குவியலைத் தோண்டினார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பித்தளைக் கம்பிகள், கட்டுக் கட்டாகக் கட்டியபடி. கூடவே சோழிகள். 11, 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. யாரோ ஒரு வியாபாரி, ஒட்டகம் செத்தோ தண்ணீர் தீர்ந்தோ, சுமையைப் புதைத்துவிட்டுப் போயிருக்கிறார். திரும்பி வரவில்லை. செம்பு வகையும் சோழியும் ஒரே மூட்டையில் தெற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தன என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் எனக்குத் தெரிந்து இல்லை.

சோழி ஏன் எடுபட்டது என்றால், அதற்குத் தராசு வேண்டாம். பொடித்தங்கத்துக்குத் தராசு வேண்டும், எடைக்கல் வேண்டும், எதிராளியின் எடைக்கல் மேல் நம்பிக்கை வேண்டும், காற்றடிக்காமல் இருக்க வேண்டும். சோழியை எண்ணினால் போதும். கள்ளச் சோழி செய்ய முடியாது. துருப்பிடிக்காது, அழுகாது, எலி கடிக்காது. ஒரு கைப்பிடித் தானியத்துக்கும் வெங்காயத்துக்கும் ஏற்ற அளவு சின்னது. அதன் ஒரே குறை, உப்பைப் போலக் கரைந்து மறையாது என்பது. வந்தது வந்தபடியே கிடக்கும், மேலே மேலே சேரும். இந்தக் குறை பின்னால் பெரிய வினையாக வந்தது.

சரி, பெரிய வியாபாரம்? அதற்குத்தான் பொடித்தங்கம், எடை போட்டு, மித்கால் கணக்கில். வலாத்தாவுக்கு முன்கூட்டியே தனியாகப் போய், கூட்டம் வருகிறது, தண்ணீரோடு எதிரே வாருங்கள் என்று சொல்லிவிட்டு வர ஓர் ஆளை அமர்த்துவார்கள். அவன் வழி தவறினால் கூட்டமே சாகும். இப்னு பதூதாவின் கூட்டம் அந்த ஆளுக்குக் கொடுத்த கூலி 100 மித்கால். அப்போதைய மாலி மன்னர் மன்சா சுலைமான் இப்னு பதூதாவுக்கு விடைகொடுக்கும்போது தந்த அன்பளிப்பும் 100 மித்கால். (முதலில் விருந்தோம்பலாக மூன்று ரொட்டியும் ஒரு துண்டு இறைச்சியும் சுரைக்குடுக்கையில் தயிரும்தான் வந்தன. பட்டாடையும் பணமும் வரும் என்று எழுந்து நின்று காத்திருந்த மனிதர் சிரித்துவிட்டார்.) ஆனால் அதே தேசத்தில் ஊர் ஊராகப் போகிற வழிப்போக்கன் தங்கத்தை வெளியே எடுக்கவே தேவையில்லை. உப்புத் துண்டு, கண்ணாடி மணி, கிராம்பு மாதிரிக் கொஞ்சம் வாசனைச் சரக்கு கையில் இருந்தால் போதும். ஊருக்குள் நுழைந்ததும் பெண்கள் கம்பு, பால், கோழி, அரிசி, தட்டைப்பயறு மாவு எல்லாம் கொண்டுவந்து நீட்டுவார்கள். சந்தையைச் சிறுசு பெருசாகத் தாங்கிப்பிடித்தவர்கள் பெண்கள் என்பது இதில் போகிற போக்கில் தெரிகிறது.

கடன் சீட்டும் இருந்தது. 10-ஆம் நூற்றாண்டில் இப்னு ஹவ்கல் என்ற பயணி, பாலைவனத்தின் தென்புற ஊரான அவ்தகுஸ்த்தில் ஒரு வியாபாரி சிஜில்மாசாக்காரருக்கு எழுதிக்கொடுத்த 42,000 தினார் பற்றுச்சீட்டைப் பார்த்ததாகவும், கிழக்கே எங்கும் இப்படி ஒரு தொகையைக் கேள்விப்பட்டதில்லை என்றும் எழுதுகிறார். இரண்டு மாதப் பாலைவன வழிக்கு இரு முனையிலும் ஒரே குடும்பத்தினர், ஒரே ஊர்க்காரர்கள் கடை வைத்திருந்தார்கள். சீட்டு அவர்களுக்குள் நடந்தது.

பண்டமாற்று என்ற சொல்லையே நான் முதலில் தள்ளியதற்கு இன்னொரு காரணம், பக்கத்து நாடான கானெம். சாட் ஏரிப் பக்கம். அங்கே கணக்குப் பணம் துணி. பத்து முழ நீளத்தில் நெய்த துணி, கால் முழம் வரை வெட்டிக் கொடுத்துச் சாமான் வாங்கலாம். சோழி, மணி, செம்பு, வெள்ளிக்காசு எல்லாம் அங்கே உண்டு, ஆனால் எல்லாவற்றுக்கும் விலை துணியில்தான் சொல்வார்கள் என்கிறார் அல்-உமரி. விலையை ஒன்றில் சொல்லி, இன்னொன்றில் கொடுப்பது என்று வந்துவிட்டால் அதற்குப் பெயர் பண்டமாற்று ஆகாது.

மன்சா மூசா பற்றியும் ஒரு வார்த்தை. அவர் கெய்ரோவில் வாரி இறைத்ததில் எகிப்தின் பொருளாதாரமே குப்புற விழுந்தது என்று ஒரு கதை சுற்றுகிறது. அல்-உமரி சொல்வது: அதற்கு முன் ஒரு மித்கால் தங்கம் 25 திர்ஹத்துக்கு (வெள்ளிக்காசு) கீழே இறங்கியதில்லை. அவர் வந்துபோன பிறகு 22-க்கும் கீழே போனது, பன்னிரண்டு வருஷம் ஆகியும் ஏறவில்லை. கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்கு சரிவு. ஒரு தனி மனிதர் சில மாதத்தில் செய்தது என்று பார்த்தால் மலைக்க வேண்டியதுதான், பொருளாதாரம் விழுந்தது என்பது மிகை. திரும்புகிற வழியில் கைச்செலவுக்கு இல்லாமல் அதே கெய்ரோ வியாபாரிகளிடம் கடன் வாங்கினார், அவர்கள் 300 தினாருக்கு 700 தினார் லாபம் வைத்துக் கறந்தார்கள் என்பதை இந்தக் கதை சொல்கிறவர்கள் விட்டுவிடுகிறார்கள். இன்றைய டாலரில் அவர் சொத்து இத்தனை என்று வருகிற தொகைகளுக்கெல்லாம் ஆதாரமே கிடையாது.

தங்கத்தையும் உப்பையும் மட்டும் பேசிவிட்டு விட்டால் அது அழகான கதையாகிவிடும். மனிதர்களும் சரக்கு. உப்பு வெட்டியவர்களும் அடிமைகள், தகெத்தாவில் செம்பு உருக்கியவர்களும் ஆண், பெண் அடிமைகள். 1353-இல் இப்னு பதூதா வடக்கே திரும்பிய வணிகக் கூட்டத்தில் சுமார் 600 அடிமைப் பெண்கள் நடந்து போனார்கள். அவர் அதைச் சும்மா ஒரு தகவலாகத்தான் எழுதுகிறார்.

மாலி தளர்ந்து, 15-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் காவ் நகரைத் தலைநகராகக் கொண்ட சொங்காய் மேலே வந்தது. பண ஏற்பாடு பெரிதாக மாறவில்லை. 1510-ஐ ஒட்டித் திம்புக்டுவுக்குப் போன லியோ ஆப்பிரிக்கானுஸ் என்ற பயணி, அங்கே பெரிய வரவுசெலவுக்கு முத்திரையில்லாத தங்கத் துண்டு, சின்னச் சாமானுக்குச் சோழி, 400 சோழிக்கு ஒரு டுகாட் என்று எழுதுகிறார். டுகாட் தினாரைவிடச் சற்று எடை குறைந்த காசு. அதைக் கழித்துப் பார்த்தாலும், இப்னு பதூதா காலத்தைவிடச் சோழிக்குத் தங்க மதிப்பு இரு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. தான் அங்கே இருந்த சமயம் ஒரு சுமை உப்பு 80 டுகாட்டுக்குப் போனது என்றும், எல்லாச் சரக்கையும்விடக் கையெழுத்துப் புத்தகத்தில்தான் லாபம் அதிகம் என்றும் அவர் சொல்கிறார்.

சொங்காயின் முடிவும் உப்பில்தான் தொடங்கியது. மொராக்கோ சுல்தான் அகமது அல்-மன்சூர், தகாசா உப்பில் சுமைக்கு ஒரு மித்கால் தனக்குச் சேர வேண்டும் என்று எழுதினார். சொங்காய் மன்னர் இரண்டாம் அஸ்கியா இஷாக் வசவும் ஈட்டிகளும் பதிலாக அனுப்பினார். 1591 மார்ச்சில், ஸ்பெயினில் பிறந்த ஜூதர் பாஷாவின் தலைமையில் துப்பாக்கியோடு பாலைவனம் கடந்து வந்த சுமார் 4,000 பேர் கொண்ட படை, காவ் அருகே தொந்திபி என்ற இடத்தில் சொங்காய்ப் படையைச் சிதறடித்தது. நகருக்குள் போய்ப் பார்த்தால் தங்கச் சுரங்கம் எங்கே? மராகேஷில் கழுதைக்காரர் தலைவனின் வீடு இந்த அரண்மனையைவிட மேல் என்று செய்தி போனது. சுரங்கம் அங்கே இருந்ததே இல்லை. இருந்தது வழியும் சுங்கமும் நம்பிக்கையும். படை வந்ததும் அவை மூன்றும் சிதறின. அதற்குள் போர்த்துக்கீசியர் தெற்குக் கடற்கரையில், 1482-இல் கட்டிய எல்மினா கோட்டையில் உட்கார்ந்துகொண்டு தங்கத்தின் ஒரு பங்கைக் கடல் பக்கம் இழுக்கத் தொடங்கி நூறு வருஷம் ஆகியிருந்தது.

சோழியும் கப்பல் ஏறியது. மாலத்தீவிலிருந்து டச்சுக்காரர்கள் இலங்கை வழியாகவும் ஆங்கிலேயர்கள் வங்காளம் வழியாகவும் வாங்கி, ஆம்ஸ்டர்டாமிலும் லண்டனிலும் ஏலம் விட்டு, மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குக் கொண்டுபோய் அடிமைகளை வாங்கினார்கள். 18-ஆம் நூற்றாண்டில் மட்டும் சுமார் 1,000 கோடிச் சோழிகள் இப்படிப் போயின. பிறகு 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மன் வியாபாரிகள் சான்சிபார் பக்கத்துப் பெரிய சோழியைக் கப்பல் கப்பலாகக் கொட்டினார்கள், பனை எண்ணெய் வாங்க. அரிய பொருளாக இருந்தவரை பணமாக இருந்தது, மலிந்ததும் சுமையாகிவிட்டது. இன்றைய நைஜீரியாவில் இருக்கிற யோருபா நாட்டில் ஒரு மூட்டை என்றாலே 20,000 சோழி. பெரிய தொகையை எடுத்துப்போகிற கூலி, தொகையையே தின்னத் தொடங்கியது. பிறகு வந்த காலனி அரசுகள் வரிக்குச் சோழி செல்லாது என்று அறிவித்தபோது அதன் கதை முடிந்தது.

பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்றைய கானா நாட்டின் நாணயம் 'செடி'. அக்கான் மொழியில் சோழிக்கான சொல்லிலிருந்து வந்தது அது. மாலியின் பம்பாரா மொழியில் நூறைக் 'கெமெ' என்பார்கள். ஆனால் பழைய காலத்தில் பம்பாராக் கெமெ என்றால் 80, மனிங்காக் கெமெ 60, முஸ்லிம் கெமெதான் 100. சோழியை ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணுவார்கள், பதினாறு தள்ளு ஆனால் ஒரு பம்பாராக் கெமெ. எந்தக் கெமெ என்று கேட்காமல் விலை பேசினால் போச்சு. இன்று மாலியின் தலைநகர் பமாகோவின் சந்தையிலும் அதே ஜாக்கிரதை வேண்டும். விலையை ஐந்து பிராங்கு கொண்ட 'தொரொமெ' கணக்கில்தான் சொல்வார்கள், திர்ஹம் என்ற அரபுச் சொல்லின் திரிபு அது என்பார்கள். மாம்பழக்காரம்மா கெமெ என்று சொன்னால் நூறு பிராங்கை நீட்டாதீர்கள், அவர் கேட்பது ஐந்நூறு.